சவேரியாரின் யாமகுச்சிக் கடிதமும் நரகம் பற்றிய கேள்வியும்

கடலோரன்:

1552ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், ஜப்பானிலிருந்து திரும்பிக் கொச்சியில் தங்கியிருந்த பிரான்சிஸ் சவேரியார் ஐரோப்பாவிலிருந்த தம் இயேசு சபைத் தோழர்களுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். முத்துக்குளித்துறையில் திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது என்று அவர் முன்பு எழுதியதை நம் ஊர்த் திருவிழா மறையுரைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆனால் இந்த ஜப்பான் கடிதத்தில் வரும் ஒரு பகுதியை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. அதைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கிய சவேரியார், 1551இல் யாமகுச்சியில் சில மாதங்கள் தங்கினார். அப்பகுதியை ஆண்ட ஓஉச்சி யோஷிதாகா போதிக்க அனுமதியும், தங்குவதற்குக் காலியாகக் கிடந்த பௌத்த மடம் ஒன்றையும் கொடுத்தார். யாரும் வந்து கேள்வி கேட்கலாம் என்ற நிலையில், வந்தவர்கள் விடாமல் கேட்டார்கள். இரண்டு மாதங்களில் ஏறக்குறைய 500 பேர் திருமுழுக்குப் பெற்றதாகக் கடிதம் சொல்கிறது. அவர்கள் கேட்டவற்றுள் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கடவுள் நல்லவர் என்றால் இத்தனை நூற்றாண்டுகளாக ஜப்பானியருக்குத் தம்மை ஏன் வெளிப்படுத்தவில்லை என்பது. அதற்குச் சவேரியார், கொலையும் திருட்டும் தீமை என்பதை யாரும் கற்பிக்காமலேயே மனிதர் அறிவர் என்றும், மலைக்காட்டில் தனியே வளர்ந்த ஒருவனைக் கேட்டாலும் அவனுக்கு அது தெரிந்திருக்கும் என்றும், ஆகவே கடவுளின் சட்டம் படைப்பின் தொடக்கத்திலிருந்தே எல்லா இதயங்களிலும் எழுதப்பட்டிருந்தது என்றும் விளக்கினார். இந்த விடை அவர்களுக்கு நிறைவளித்தது என்று அவரே எழுதுகிறார்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது. திருமுழுக்குப் பெற்ற பிறகு அவர்கள், இறந்துபோன தங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் உறவினரும் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். செபத்தாலோ தர்மத்தாலோ அவர்களை நரகத்திலிருந்து மீட்க வழியுண்டா என்று கேட்டு அழுதார்கள். வழியே இல்லை என்பதே சவேரியார் கொடுத்த பதில். அமிதா புத்தரின் பெயரைச் சொன்னால் மீட்பு உண்டு என்று கேட்டு வளர்ந்த மக்கள், தங்கள் பழைய நெறியில் இருந்த இரக்கம் புதிய கடவுளிடம் இல்லையே என்று வியந்ததும் கடிதத்தில் பதிவாகியிருக்கிறது. (பணம் வாங்கிக்கொண்டு நரகத்திலிருந்து மீட்பதாகச் சொன்ன துறவிகளைச் சவேரியார் கடுமையாகச் சாடுகிறார். அதே காலத்தில் ஐரோப்பாவில், பணத்துக்குப் பாவத்தண்டனைக் குறைப்பு வழங்குவதைப் பற்றியே சண்டை நடந்துகொண்டிருந்தது என்பது நினைவிருப்பவர்கள் அந்த இடத்தில் சற்றுப் புன்னகைக்கலாம்.)

பின்னர் ஒரு வாக்கியம் வருகிறது. இவ்வளவு அன்புக்குரிய நண்பர்கள், தீர்வே இல்லாத ஒன்றுக்காக இப்படித் துயருறுவதைக் காணும்போது தமக்கும் சில வேளைகளில் கண்ணீர் வருகிறது என்று அவர் எழுதுகிறார்.

கொடியவர்களுக்குத் தண்டனை உண்டா என்று நான் கேட்கவில்லை. சவேரியாருக்கு அழுகை வந்தது. அவர் போதித்த கடவுளுக்கு வந்ததாக அந்தப் பதிலில் இடமில்லை. படைக்கப்பட்ட ஒரு மனிதனின் அன்பு, படைத்தவரின் அன்பைவிட ஒரு படி மேலே நின்றுவிட்டதாகத் தோன்றும் இந்த நிலையை இறையியல் எப்படிச் சரிசெய்கிறது?

அமலி:

கடலோரன் ஐயா, சவேரியாருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்ததை முதலில் பார்த்துவிடுவோம். 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கத்தின்போது வெளியான திருத்தந்தையின் ஆணை, இறப்பதற்கு முன் திருச்சபையோடு சேராத புற இனத்தார் முடிவில்லா நெருப்புக்குப் போவர் என்று வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆணை 1964இல் எழுதப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 16ஆம் பத்தி, தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் குரலுக்கேற்ப அவர் விருப்பத்தைச் செய்ய முயல்வோர் நிலைவாழ்வு பெற முடியும் என்கிறது. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஏடு, கிறிஸ்துவின் பாஸ்காவில், அதாவது அவருடைய இறப்பிலும் உயிர்ப்பிலும், பங்குபெறும் வாய்ப்பைக் கடவுளுக்கே தெரிந்த வழியில் தூய ஆவியார் அனைவருக்கும் அளிக்கிறார் என்று இன்னும் அகலமாகவே பேசுகிறது.

ஆனால் 1551இலேயே இதற்கான விதை சவேரியாரின் கையில் இருந்தது என்பதுதான் வியப்பு. சட்டம் எல்லா இதயங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னால், அதைக் கேட்டு நடந்த ஜப்பானியத் தாய் ஒருத்திகூடவா அந்நாட்டில் இருந்திருக்க மாட்டாள்? காட்டில் வளர்ந்த மனிதனின் எடுத்துக்காட்டே பழையது. அப்படிப்பட்டவன் இயற்கை அறிவின்படி நன்மையை நாடினால், கடவுள் உள்தூண்டுதலாலோ ஒரு போதகரை அனுப்பியோ மீட்புக்குத் தேவையானதை அவனுக்கு வெளிப்படுத்துவார் என்று அக்குவினா தோமையார் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். சவேரியார் அந்த எடுத்துக்காட்டின் பாதியை மட்டும் யாமகுச்சிக்குக் கொண்டுபோனார். கடவுளைக் குற்றம்சாட்ட முடியாது என்று காட்ட அது பயன்பட்டது. செத்தவர்களுக்கு நம்பிக்கை தரப் பயன்படுத்தப்படவில்லை.

பெனியேல்:

சகோதரர் கடலோரன் எழுப்பியிருப்பது உண்மையான கேள்வி. ஆனால் அதற்கு விடை தேடும் அவசரத்தில் நரகத்தையே கரைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் ஒரு சீர்திருத்த மரபு இறையியல் கல்லூரியில் படிக்கிறவன்.

"தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று யோவான் எழுதுகிறார். அன்பு என்பது வற்புறுத்தி வாங்க முடியாதது. ஒருவர் அன்பை ஏற்கலாம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், அவர் அதை மறுக்கலாம் என்பதும் மெய்யாகவே இருக்க வேண்டும்; அந்த மறுப்பு என்றாவது ஒருநாள் கட்டாயம் முறிக்கப்படும் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால், அது தொடக்கத்திலிருந்தே மறுப்பாக இருக்கவில்லை. நரகத்தின் கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது என்று ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1940இல் எழுதியதன் சாரம் இதுதான். இதில் புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கர் என்ற பிரிவினைகூடப் பெரிதாக இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் நரகத்தை, கடவுளோடும் புனிதரோடும் உள்ள உறவிலிருந்து ஒருவர் தம்மைத் தாமே இறுதியாக விலக்கிக்கொள்ளும் நிலை என்றுதான் 1033ஆம் பத்தியில் விளக்குகிறது. கடவுள் யாரையும் நரகத்துக்கு முன்குறிப்பதில்லை என்பது அதன் 1037ஆம் பத்தி.

"நித்திய" என்பதற்கு மூல மொழியில் என்ன பொருள் என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அது இந்த இழையை விழுங்கிவிடும். மத்தேயு 25:46இல் ஒரே வசனத்தில் ஜீவனுக்கும் ஆக்கினைக்கும் அதே அடைமொழி வருகிறது என்பதை அகஸ்டின் (கத்தோலிக்கர் சொல்லும் அகுஸ்தினார்) சுட்டிக்காட்டினார். அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் மேலே போக முடியாது என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

கடலோரன்:

பெனியேல், உங்கள் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் அது வேறொரு வழக்குக்கு எழுதப்பட்ட வாதுரை. உள்ளிருந்து தாழிடுகிறவன் எதை மறுக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாமகுச்சியில் 1530இல் இறந்துபோன ஒரு முதியவர் எந்தக் கதவைத் தாழிட்டார்? கிறிஸ்துவின் பெயரை அவர் கேள்விப்படவே இல்லை. நரகத்தை மனிதச் சுதந்திரத்தால் விளக்கும் யாரும் மறுக்கும் வாய்ப்பே பெறாதவர்களை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால், சவேரியாரின் பதில் தவறு என்று ஒப்புக்கொண்டதாகிறது.

அதோடு இன்னொன்றும் உண்டு. நம் சுதந்திரத்தின் தரம் என்ன? பாதி அறியாமையிலும் பாதி அச்சத்திலும், பழக்கத்தின் பிடியிலும் நாம் தேர்ந்தெடுக்கிறோம். அப்படிப்பட்ட தேர்வு ஒன்றின் மீது முடிவே இல்லாத விளைவை ஏற்றுவது, சுதந்திரத்துக்கு மரியாதை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. கிணற்றோரம் தவழும் குழந்தையின் விருப்பத்தை மதித்து ஒதுங்கி நிற்கும் தந்தையை ஊர் என்ன சொல்லும்? தெளிந்த அறிவோடும் முழு விடுதலையோடும் ஒருவன் தன் நன்மையின் ஊற்றையே இறுதிவரை வெறுப்பான் என்றால், அவன் விடுதலையானவனா, நோயாளியா என்ற கேள்வி எழுகிறது. நோயாளி என்றால் மருத்துவர்தான் தேவை.

மத்தேயு 25 பற்றி ஒன்று. அந்த உவமையில் இடப்பக்கம் நிற்பவர்கள் பசித்தவனுக்கு உணவு கொடுக்காதவர்கள். நற்செய்தியைக் கேட்காமல் இறந்தவர்களைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. நரகத்தைப் பற்றி இயேசு பேசும் பெரும்பாலான இடங்களில், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்களைப் பாதுகாப்பானவர்கள் என்று எண்ணியவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அந்த எச்சரிக்கையைத் திருப்பி, எதிரில் இல்லாத யாரோ ஒருவரின் தாத்தாவின் மீது நாம் பிரயோகித்துவிட்டோம்.

ஏடகம்:

மேற்கத்திய மரபுக்குள்ளேயே விவாதம் சுற்றுவதால், கீழைச் சிரிய மரபிலிருந்து ஒருவரை அழைத்து வருகிறேன். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நினிவேயின் ஈசாக்கு, இன்றைய கத்தார் இருக்கும் வளைகுடாப் பகுதியில் பிறந்தவர். நினிவேயின் ஆயராக அருள்பொழிவு பெற்றும் ஐந்தே மாதங்களில் பதவியைத் துறந்து மலைகளில் துறவியாக வாழ்ந்தார். கேரளத் தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகள் உறவு வைத்திருந்த கிழக்கின் திருச்சபையைச் சேர்ந்தவர் இவர். ஆயினும் நம் பக்கத்தில் இவரைப் படித்தவர்கள் குறைவு.

ஈசாக்கு நரகத்தை மறுக்கவில்லை. நரகத்தில் இருப்பவர்கள் கடவுளின் அன்பிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்கள் என்று நினைப்பது தவறு என்கிறார். அவர்கள் அன்பின் சாட்டையால்தான் அடிக்கப்படுகிறார்கள். அன்புக்கு எதிராகத் தாங்கள் செய்ததை உணரும் வேதனை வேறெந்த வேதனையையும்விடக் கூர்மையானது. விண்ணகத்தில் இருப்பவர்களுக்கு இன்பமாக இருப்பதும் நரகத்தில் இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருப்பதும் ஒரே அன்பு. அன்பையும் நரகத்தையும் எதிரெதிரே வைத்துச் சமரசம் தேடும் தேவையே இந்தப் பார்வையில் குறைந்துபோகிறது.

1983இல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் அடையாளம் காணப்பட்ட ஒரு கையெழுத்துப் படியால், தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அவருடைய இரண்டாம் தொகுதி கிடைத்தது. அதில் அவர் இன்னும் துணிந்து எழுதுகிறார். ஒரு படைப்பு என்ன செய்யும் என்பதை அதை உருவாக்குவதற்கு முன்பே அறிந்திருந்தும், முடிவில்லாத துன்பத்துக்கு இரக்கமின்றி ஒப்புக்கொடுப்பதற்காகவே அதைப் படைப்பது இரக்கமுள்ள படைப்பாளரின் வழி ஆகாது என்பது அவருடைய வாதம். பழிவாங்குதல் கடவுளுக்குரியதன்று, அவர் செய்யும் எதுவும் வரப்போகும் ஒரு நன்மையை நோக்கியே இருக்கும் என்கிறார். கெகன்னாவும், அதாவது நரகமும், அந்தக் கணக்கில் அடங்குகிறது.

பெனியேல் சொன்ன சுதந்திர வாதம் படைப்புக்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. ஈசாக்கின் கேள்வி படைப்புக்கு முன்னால் நிற்கிறது. அதனால்தான் முன்னதை வைத்துப் பின்னதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இது தப்பறை இல்லையா என்று யாராவது கேட்பதற்கு முன் ஒரு குறிப்பு. எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்ற கருத்தோடு இணைத்துப் பேசப்படும் பழங்கால இறையியலாளர் ஓரிகனின் போதனைகளை 543இல் பேரரசர் ஜஸ்டினியன் கண்டித்தார். ஆனால் எல்லாத் தீமையும் இறுதியில் தீர்ந்துபோகும் என்று எழுதிய நீசாவின் கிரகோரியாரை எந்தச் சங்கமும் கண்டித்ததில்லை. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் அவரைத் தந்தையரின் தந்தை என்று போற்றியது.

எக்காளம்:

அன்பான சகோதரரே, இவ்வளவு படிப்பும் நல்லதுதான். ஆனால் எல்லாரும் கடைசியில் எப்படியும் இரட்சிக்கப்படுவார்கள் என்றால், சவேரியார் ஏன் கப்பல் ஏற வேண்டும்? நான் ஏன் ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் நின்று துண்டுப்பிரதி கொடுக்க வேண்டும்? தாம் அழுதும் பதிலை மாற்றாத சவேரியாரை நான் மதிக்கிறேன். ஆத்துமாவின் மேல் பாரம் உள்ளவனுக்குத்தான் அந்தக் கண்ணீர் வரும். நரகத்தைப் பற்றி வேறு எவரையும்விட அதிகமாக எச்சரித்தவர் ஆண்டவர் தாமே என்பதை மறந்துவிடாதீர்கள்.

பொன்மலர்:

நான் வேறொரு திசையிலிருந்து நரகத்தின் பக்கம் பேசுகிறேன். இங்கு இதுவரை எழுதிய அனைவரும், நரகத்துக்குப் போகிறவரின் இடத்தில் தங்களையோ தங்கள் உறவினரையோ வைத்துப் பார்த்தே எழுதியிருக்கிறீர்கள். வதைமுகாமில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் இடத்திலிருந்து பாருங்கள். அவளைக் கொடுமை செய்தவன் எந்தத் தண்டனையும் பெறாமல், மனம் வருந்தாமல் மூப்படைந்து படுக்கையில் இறந்தான். அவனும் அவளும் ஒரே விருந்து மேசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்வார்கள் என்று அவளிடம் போய்ச் சொல்வது அன்பா? அன்பான கடவுள் கோபப்படவே மாட்டார் என்பது, எதையும் இழக்காதவர்கள் வசதியாக நம்பக்கூடிய கொள்கை.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் நம்பிக்கை பற்றி எழுதிய சுற்றுமடலில், அருள் நீதியை அழித்துவிடுவதில்லை என்றும், நிலையான விருந்தில் கொடியவர்கள் எதுவுமே நடக்காதது போலப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அருகில் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள் என்றும் சொல்லியிருப்பார். அந்த இடத்தில் "எதுவுமே நடக்காதது போல" என்பதுதான் எனக்கு முக்கியம். அன்பின் சாட்டை பற்றி ஏடகம் எழுதியதை என்னால் ஏற்க முடியும்; அந்தச் சாட்டை உண்மையிலேயே வலிக்கும் என்று ஒப்புக்கொண்டால் மட்டும்.

அமலி:

பொன்மலர் அக்கா, நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஜப்பானையே தொடர்ந்து பார்த்தால் வேறொரு காட்சியும் இருக்கிறது. யாமகுச்சிக்கு 46 ஆண்டுகளுக்குப் பின், 1597 பிப்ரவரி 5 அன்று, நாகசாகியில் 26 பேர் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பவுல் மீக்கி சிலுவையிலிருந்தபடியே பேசினார்; தம் மரணத்துக்கு ஆணையிட்ட, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியையும் அதில் பங்குகொண்ட அனைவரையும் மன்னிப்பதாகச் சொன்னார்.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரால் நரகம் வேண்டும் என்று நாம் சொல்லும்போது, பாதிக்கப்பட்டவர்களில் சிலர் அதை வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீக்கியின் மன்னிப்பு ஹிதேயோஷியைக் கட்டுப்படுத்தாது. பெற்றுக்கொள்ள அவரும் வருந்த வேண்டும். ஆனாலும் மீக்கி மன்னித்துவிட்ட பிறகு, மீக்கிக்காகக் கடவுள் பழிதீர்க்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரிடமும் மீக்கியைப் போல நடந்துகொள்ளும்படி கேட்கவும் முடியாது. நீங்கள் குறிப்பிட்ட தாயிடம் நிச்சயமாக நான் கேட்க மாட்டேன்.

எக்காளம் ஐயாவுக்கு: சவேரியார் இரண்டாம் வத்திக்கான் ஏட்டைப் படித்திருந்தாலும் கப்பல் ஏறியிருப்பார் என்றே நினைக்கிறேன். நல்ல செய்தி ஒன்றைச் சொல்லப் போவதற்கு, அதைக் கேட்காதவர் எரிக்கப்படுவார் என்ற நிபந்தனை எதற்கு?

வெளியாள்:

நான் கிறிஸ்தவன் அல்லன். இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஒரே ஒரு ஐயம். மீட்கப்பட்டவர்கள் மகிழ்ச்சியில் இருப்பார்கள் என்கிறீர்கள். யாமகுச்சியில் திருமுழுக்குப் பெற்ற பெண் விண்ணகம் சென்று, தன் தகப்பன் நரகத்தில் இருப்பதை அறிந்தபடி எப்படி மகிழ்ச்சியாக இருப்பாள்? அறியாமல் இருக்கிறாள் என்றால் அவள் மகிழ்ச்சி ஏமாற்றில் நிற்கிறது. அறிந்தும் வருந்தவில்லை என்றால், அழுதுகொண்டிருந்த பழைய பெண்ணைவிட அவள் தரம் குறைந்துவிட்டாளே.

பெனியேல்:

வெளியாள் நண்பரே, இது எங்களை வெகுகாலமாகக் குத்தும் முள். அக்குவினா தோமையார் இறந்த பின் அவருடைய முந்தைய எழுத்துகளிலிருந்து சீடர்கள் தொகுத்துச் சேர்த்த பின்னிணைப்பில், புனிதர்கள் தண்டனை பெற்றோரின் வேதனையைக் காண்பார்கள் என்றும், அதில் வெளிப்படும் இறைநீதிக்காக மகிழ்வார்கள் என்றும் இருக்கிறது. தூய மனங்கள் எழுதிய பக்கங்களிலேயே இது மிகவும் தாங்க முடியாத பக்கம் என்பது என் கருத்து. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர் இதே காரணத்துக்காகவே நிலையான தண்டனை என்ற கருத்தை ஏற்கத் தயங்கினார்: சக மனிதரின் துன்பத்தை அறிந்தவர்களின் பேரின்பம் குலையாமல் இருக்க முடியாது என்றார்.

எங்கள் பக்கத்தில் சிலர் இதற்கு வேறு வழி கண்டார்கள். மனந்திரும்பாதவர்கள் முடிவில்லாமல் வதைக்கப்படுவதில்லை, இறுதியில் இல்லாமலே போகிறார்கள், அதுவே இரண்டாம் மரணம் என்ற கருத்தை ஜான் ஸ்டாட் போன்ற மதிப்புமிக்க சுவிசேஷ மரபுப் போதகர் 1988இல் தற்காலிகமாகத் தம் கருத்தாக முன்வைத்தபோது பெரும் சலசலப்பு எழுந்தது. ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்தில் அழிக்க வல்லவர் என்று மத்தேயு 10:28 சொல்வது இதற்கு வலுச் சேர்க்கிறது. எனக்கும் இதில் ஈர்ப்பு உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கு இது விடையாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் அப்போதும் இல்லை.

ஏடகம்:

யாமகுச்சி மக்கள் கேட்டது "செபத்தால் மீட்க முடியுமா" என்பது. அதற்கு மேற்கத்திய மரபே ஒரே குரலில் இல்லை என்று சொல்லி இந்த விவாதத்தை அவர்களுடைய கேள்விக்கே திருப்ப விரும்புகிறேன்.

203இல் கார்த்தேஜில் மறைசாட்சியான பெர்ப்பெத்துவா, சிறையிலிருந்தபோது, ஏழு வயதில் முகத்தில் புற்றுநோயால் இறந்த தம் தம்பி தினோக்கிராத்தஸ் இருளில் தாகத்தோடு தவிப்பதைக் காட்சியில் கண்டார். அவனுக்காக இரவும் பகலும் மன்றாடினார். அடுத்த காட்சியில் அவன் நீர் அருந்திவிட்டு விளையாடப் போகிறான். அந்தச் சிறுவன் திருமுழுக்குப் பெற்றவனா என்ற கேள்வி அகுஸ்தினாரையே நெளியவைத்தது; பெற்றிருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார்.

அதைவிடப் பெரியது டிராஜன் கதை. திருத்தந்தை பெரிய கிரகோரியார், புற இனப் பேரரசரான டிராஜனுடைய நீதியை நினைத்து அழுது செபிக்க, நரகத்திலிருந்து டிராஜன் மீட்கப்பட்டதாக இடைக்காலம் முழுவதும் நம்பப்பட்டது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் டிராஜனை விண்ணகத்தில் வைக்கிறார். கதை வரலாற்றுண்மை உடையது என்று இன்று யாரும் வாதாட மாட்டார்கள். ஆனால் தோமையார்கூட அதை ஒதுக்காமல், டிராஜன் இறுதியாகத் தீர்ப்பிடப்படாமல் இருந்திருக்க வேண்டும் என்று விளக்கம் தேடினார். ரோமைப் பேரரசருக்குக் கிடைத்த அந்த விளக்கம் ஜப்பானிய விவசாயியின் தகப்பனுக்கு ஏன் கிடைக்கவில்லை? கீழைத் திருச்சபைகளோ இன்றுவரை, பெந்தக்கோஸ்து மாலை வழிபாட்டில் முழங்காலிட்டு, பாதாளத்தில் அடைபட்டிருப்போருக்காக வெளிப்படையாகவே மன்றாடுகின்றன.

அமலி:

ஏடகம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடவுள் காலத்துக்குள் அடைபட்டவர் அல்லர் என்பதைச் சவேரியாரும் ஏற்றிருப்பார். அப்படியானால் 1551இல் ஒரு மகள் சொல்லும் செபத்தை, 1530இல் அவள் தகப்பன் இறக்கும் வேளையில் கடவுள் கேட்டிருக்க முடியும். தீர்ப்பை மாற்றச் சொல்வது வேறு. தீர்ப்புக்கு முன் அவர் அருகில் இருந்திருக்கும்படி கேட்பது வேறு. இரண்டாவதைத் தடுக்கும் கோட்பாடு எதுவும் சவேரியாருக்குக்கூட இருக்கவில்லை.

செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் பின்னர், எல்லாரையும் விண்ணகப் பாதையில் நடத்தும்படியும், இரக்கம் அதிகமாகத் தேவைப்படுவோருக்குச் சிறப்பாக உதவும்படியும் கேட்கிறோம். மறைக்கல்வி ஏட்டின் 1058ஆம் பத்தி, ஒருவரும் அழிந்துபோகக் கூடாது என்று திருச்சபை மன்றாடுகிறது என்றே சொல்கிறது. நடக்கவே நடக்காது என்று தெரிந்த ஒன்றுக்காக மன்றாட முடியாது. எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நான் போதிக்க மாட்டேன்; அந்த உறுதியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. இன்னார் மீட்கப்படவில்லை என்று சொல்லும் உறுதியையும் யாரும் கொடுக்கவில்லை. புனிதர் பட்டம் கொடுத்துப் பலரை விண்ணகத்தில் இருப்பவர்களாக அறிவித்த திருச்சபை, நரகத்தில் இருப்பவர் என்று ஒரு மனிதரையும், யூதாசைக்கூட, அறிவித்ததில்லை.

கடலோரன்:

அமலி எழுதியதை ஒட்டி ஜப்பானிலிருந்தே இன்னொரு செய்தி. 1603இல் அங்கே மனத்துயர் பற்றிய ஒரு சிறுநூல் உருவானது. குருவானவர் இல்லாத இடத்தில், கடவுள் மீதுள்ள அன்பினால் ஒருவர் உண்மையாக மனம் வருந்தினாலே பாவ மன்னிப்பு உண்டு என்று அது கற்பித்தது. 1614இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டு, 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்ட பின், மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மனத்துயர் செபத்தையே பற்றிக்கொண்டனர். தாங்கள் கிறிஸ்தவர் அல்லர் என்று காட்ட, அதிகாரிகளின் முன்னிலையில் கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துவிட்டு, வீடு திரும்பி அதைச் சொன்னார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓஉரா ஆலயத்துக்கு வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டனர்.

மறுதலித்தவனுக்கு நரகம் என்ற சட்டத்தை அப்படியே அவர்கள் மீது வைத்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அவர்களைக் காப்பாற்றியது, வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாத உள்ளத்தின் ஒரு கணத்தைக் கடவுள் பார்க்கிறார் என்ற நம்பிக்கை. அந்தக் கணத்தை 1530இல் இறந்தவருக்கும் விட்டுவைக்கலாம் என்பதே என் வாதம்.

பெனியேல்:

என் சபையில் இறந்தவர்களுக்காகச் செபிக்கும் வழக்கம் இல்லை. இந்த இழையைப் படித்ததால் அது மாறிவிடப்போவதில்லை. காலத்தைக் கடந்த செபம் என்ற அமலியின் வாதத்தில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு: அதே முறையில் வாதிட்டால், ஏற்கெனவே நடந்து நமக்குத் தெரிந்துவிட்ட எதையும் மாற்றும்படி கேட்கலாம் என்றாகிவிடும். தெரியாதவற்றுக்கு மட்டும் அது பொருந்தும் என்று எல்லை வகுத்தால் ஏற்கலாம். ஒருவருடைய கடைசிக் கணம் அப்படித் தெரியாத ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மறுப்பதற்கு மெய்யான வாய்ப்பு உண்டு என்ற என் முதல் நிலையை நான் விடவில்லை. உள்ளிருந்து தாழிட்ட கதவு ஒன்றாவது இருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். அந்த அச்சத்தை ஆண்டவர் மத்தேயு 25இல் எனக்குத்தான் கொடுத்தார், அந்த ஜப்பானிய முதியவருக்கு அல்ல என்ற கடலோரனின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். 1442ஆம் ஆண்டு ஆணையை 1964ஆம் ஆண்டு ஏட்டோடு முரணின்றிப் படிக்க முடியும் என்று கத்தோலிக்க நண்பர்கள் கருதுகிறீர்களா, அல்லது திருச்சபை தன் கருத்தை மாற்றிக்கொண்டது என்று நேராகவே சொல்வீர்களா? அமலி முதல் பதிவில் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

அமலி:

நகர்ந்துவிட்டது உண்மைதான், பெனியேல் தம்பி. அறிந்தே மறுத்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அந்த ஆணை என்று விளக்குவோர் உண்டு. கடல்களுக்கு அப்பால் எத்தனை மக்கள் இருக்கிறார்கள் என்பதை 1442இல் எழுதியவர்கள் அறிந்திருக்கவில்லை. சவேரியாரின் காலத்தில் அது தெரிந்துவிட்டது. அவருடைய தலைமுறையிலேயே தொமிங்கோ தெ சோத்தோ போன்ற ஸ்பானிய இறையியலாளர்கள் மறைமுக நம்பிக்கை (கிறிஸ்துவை வெளிப்படையாக அறியாதவரின் உள்ளத்திலும் இருக்கக்கூடிய நம்பிக்கை) பற்றி எழுதத் தொடங்கியதற்கு அதுவே காரணம். சொல்லளவில் பார்த்தால் இரண்டு ஏடுகளும் ஒன்றாகாது என்றே நான் படிக்கிறேன். திருச்சபையின் புரிதல் வளர்ந்தது என்பேன், சிலர் மாறியது என்பார்கள். ஏடகம், கிழக்கில் இதற்கு இணையான ஆணை ஏதும் உண்டா என்று தெரிந்தால் எழுதுங்கள்.